பத்து நாள்ல கொல்கத்தாவுல என்ன ஊழியம் செஞ்சிட முடியும்?

கேள்வி: அக்கா, ஸ்தோத்திரம். பாளையங்கோட்டையில பி.எஸ்சி ரெண்டாம் வருஷம் படிக்கேன். டிசம்பர் லீவுல எங்க காலேஜ் ஜெபக்குழுவுல இருந்து 12 பேர் கொல்கத்தாவுக்கு மிஷன் ட்ரிப் போறோம், 10 நாள். காலையில ஆதரவில்லாதவங்க இல்லத்துல உதவி, சாயங்காலம் சேரிப் பிள்ளைங்களுக்கு பாட்டு, கதை. ஆளுக்கு 9,000 ரூபா ஆகும், எங்க சபையில கேட்டிருக்கேன். அப்பா, "இங்க இல்லாத ஏழையா, பாஷையும் தெரியாம அங்க போயி என்னத்த கிழிக்கப் போற"ங்காங்க. என் ரூம்மேட் இந்து, "மதம் மாத்தவா போற?"ன்னு கேட்டா, எனக்கு பதில் சொல்லத் தெரியல. லீடர் அண்ணன் ஆளுக்கு 200 சுவிசேஷ கைப்பிரதி குடுத்து முடிக்கணும்னு சொல்லியிருக்காங்க. போகணும்னு ஆசையா இருக்கு, ஆனா மனசு குழம்புது. என்ன செய்ய? (பெயர் வேண்டாம்)

பதில்: தங்கச்சி, போயிட்டு வா. இத முதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா கீழ எழுதுறதெல்லாம் படிச்சா அக்கா போகவேண்டாம்னு சொல்றாளோன்னு உனக்குத் தோணும்.

அப்பா கேட்டது நல்ல கேள்விமா. அதுக்கு கோவப்படாத. மதர் தெரசா கொல்கத்தாவுக்கு வந்தது 1929ல. என்டாலியில ஸ்கூல்ல பாடம் நடத்தி, பெங்காலி படிச்சு, அந்த ஊர்க்காரியாவே ஆகி, 1948லதான் மோதிஜில் சேரிக்குள்ள போனாங்க, அதுக்கு முன்னாடியும் பாட்னாவுக்குப் போயி நோயாளிங்கள கவனிக்கிற வேலைய கத்துக்கிட்டு வந்தாங்க. மிஷனரி வில்லியம் கேரி 1793 நவம்பர்ல அங்க வந்து இறங்கினவர். அவருக்கு பெங்காலி சொல்லிக் குடுத்தது ராம்ராம் பாசுன்னு ஒரு முன்ஷி. கிருஷ்ண பால்ங்கிற தச்சர் முதல் ஆளா ஞானஸ்நானம் எடுத்தது 1800 டிசம்பர்ல, அதாவது ஏழு வருஷம் கழிச்சு. அதுவும் எப்படின்னா, அந்த மனுஷனுக்கு தோள்பட்டை விலகிப்போச்சு, கேரியோட கூட இருந்த டாக்டர் ஜான் தாமஸ் வந்து எலும்ப சரி பண்ணி விட்டார், அங்க ஆரம்பிச்ச பழக்கம். இவங்களுக்கே அத்தன வருஷம் ஆச்சு. 10 நாள்ல நீ கொல்கத்தாவ மாத்தப் போறதில்ல, அப்படி யாராவது உங்கள மேடையில ஏத்தி ஜெபம் பண்ணி அனுப்பினா அந்த வார்த்தைய பாரமா தூக்கிட்டுப் போகாத.

அப்புறம் எதுக்கு போகணும்னா, நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் சொன்னதுக்காக. வெள்ளாளன்விளையில பிறந்த வி.எஸ். அசரியா தெரியும்ல, 1910ல எடின்பரோவுல உலக மிஷனரி மாநாடு நடந்தப்போ அவ்வளவு வெள்ளைக்காரங்க முன்னாடி எழுந்து நின்னு, ஏழைகளுக்கு உங்க பொருளையெல்லாம் குடுத்தீங்க, உங்க சரீரத்தையே குடுத்தீங்க, நாங்க அன்பையும் கேக்குறோம், எங்களுக்கு நண்பர்களத் தாங்கன்னு கேட்டார். அப்ப அவருக்கு 35 வயசு. 1912 டிசம்பர் 29ம் தேதி அவர பிஷப்பா அபிஷேகம் பண்ணினது கொல்கத்தா செயின்ட் பால்ஸ் கதீட்ரல்லதான், ஆங்கிலிக்கன் சபையில முதல் இந்திய பிஷப். உங்க ட்ரிப் அந்த தேதிய ஒட்டி வந்தா கட்டாயம் அங்க போயி கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வாங்க. அவர் கேட்டத அப்படியே நமக்குத் திருப்பிக் கேட்டுக்கலாம். அன்னைக்கு வெள்ளைக்காரங்க குடுக்குற இடத்துல இருந்தாங்க, இன்னைக்கு 9,000 ரூபாயோட ரயில் ஏறுற நீ குடுக்குற இடத்துல இருக்க. நீ அங்க நண்பியா இருக்கப் போறியா, தர்மம் பண்ண வந்தவளா இருக்கப் போறியா?

நானும் காலேஜ் படிக்கும்போது போயிருக்கேன். சென்ட்ரல்ல கோரமண்டல் ஏறி மறுநாள் ஹவுராவுல இறங்கி, காளிகட்டுல இருக்க நிர்மல் ஹ்ருதய்ங்கிற, சாகக் கிடக்குற ஆதரவில்லாதவங்க இல்லத்துக்குப் போனோம், 1952ல காளி கோவில ஒட்டின யாத்ரீகர் சத்திரத்துல மதர் ஆரம்பிச்சது அது. பெருசா ஊழியம் செய்யப்போறோம்னு போனா, துணி துவைக்கச் சொன்னாங்க. காலையில முழுசும் போர்வையும் சட்டையும் கசக்கிப் பிழிஞ்சு மாடியில காயப்போடுறதுதான் வேலை, அப்புறம் தட்டு கழுவுறது, சிலருக்கு ஊட்டி விடுறது. மூணாவது நாள் ஒரு வயசான அம்மா என்னக் கையக் காட்டிக் கூப்பிட்டாங்க. தண்ணி கேக்காங்களோன்னு பக்கத்துல போனா, என்னப் பிடிச்சு கட்டில் ஓரத்துல உக்கார வச்சு, அவுந்து கிடந்த என் பின்னல மெதுவா பின்னி விட்டாங்க. கை நடுங்குது, ஆனா விடல, பின்னி முடிச்சு தலையில ஒரு தட்டு தட்டினாங்க. என் அம்மாச்சி ஞாபகம் வந்து அழுதுட்டேன். அதுக்கப்புறம் தினமும் காலையில நான் தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டே அவங்க கிட்ட போவேன்.

அங்கேயே ஒரு தப்பும் செஞ்சேன், சொல்றேன் கேளு. சாயங்காலம் பாட்டு சொல்லிக் குடுத்த பிள்ளைங்கள்ல ஒரு பையன் என் துப்பட்டாவ விடவே மாட்டான். கிளம்புறப்போ அடுத்த கிறிஸ்மஸுக்கு வருவேன்னு அவன்கிட்ட சொல்லிட்டு வந்தேன். போகல. இன்னைக்கும் அது என்னைக் குத்துது. அதனால நீ எந்தப் பிள்ளைக்கும் வருவேன்னு சொல்லாத, வந்திருக்கிற வரைக்கும் முழு மனசோட விளையாடு, கிளம்புறப்போ போறேன்னு நேரா சொல்லிட்டு வா. பிள்ளைங்கள போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்காத, இல்லத்துல படுத்திருக்கிறவங்கள எடுக்கவே கூடாது. உன்னைய அந்த நிலைமையில ஒருத்தர் எடுத்தா எப்படி இருக்கும்.

கைப்பிரதி விஷயம். லீடர் அண்ணன்கிட்ட மரியாதையா, ஆனா தெளிவா, என்னால முடியாதுண்ணேன்னு சொல்லு. பெங்காலியில அச்சடிச்சத நீயே வாசிக்க முடியாது, உனக்கே என்ன எழுதியிருக்குன்னு தெரியாத பேப்பர இன்னொருத்தர் கையில எப்படி குடுப்ப? அதவிட முக்கியமா, சோறு ஊட்டுற கை கைப்பிரதிய நீட்டினா படுக்கையில கிடக்கிறவங்க வேண்டாம்னு சொல்ல வழியில்ல. வேண்டாம்னு சொல்ல முடியாத ஆள்கிட்ட போயி சாட்சி சொல்றது சாட்சியே இல்லைன்னு நான் உறுதியா நினைக்கேன். யாராவது நீ ஏம்மா இவ்வளவு தூரம் வந்தன்னு கேட்டா, இயேசப்பாவுக்காக வந்தேன்னு தயங்காம சொல்லு, ஒளிக்க வேண்டிய விஷயம் இல்ல. உன் ரூம்மேட்டுக்கும் இதுதான் பதில், இத அப்படியே அவகிட்ட சொல்லலாம், முடிஞ்சா திரும்பி வந்து நடந்ததையும் சொல்லு.

பணம் பத்தி ஒண்ணு. 12 பேருக்கு 1,08,000 ரூபா. இதுல பெரும்பாலும் உங்க ரயிலுக்கும் சாப்பாட்டுக்கும் தங்குறதுக்கும்தான் போகும், அத சபையில ஏழைகளுக்குன்னு சொல்லிக் கேக்காதீங்க. எங்க பிள்ளைங்க கத்துக்கிட்டு வர உதவுங்கன்னு உள்ளத உள்ளபடி சபைப் போதகர் ஐயர்கிட்ட சொல்லுங்க, வந்ததும் கணக்கு குடுங்க. அப்பாகிட்ட தங்குற இடம், கூட வர்ற டீச்சர் நம்பர், ரயில் டிக்கெட் காப்பி எல்லாம் குடுத்துட்டு, தினமும் ராத்திரி போன் பண்ணு. அவங்க பயம் பாதி அதுலயே தீரும்.

ஒரு நாள் லீவு கிடைச்சா ஹவுராவுல லோக்கல் ட்ரெயின் பிடிச்சு செராம்பூர் போங்க, கேரி கல்லறை அங்கதான். 1905 கிறிஸ்மஸ் அன்னைக்கு அசரியாவும் மத்தவங்களும் நேஷனல் மிஷனரி சொசைட்டிய ஆரம்பிச்சதும் அந்த ஊர்லதான்.

பாஷைக்கு இப்பவே ஆரம்பி. அப்பா கேட்ட "இங்க இல்லாத ஏழையா"வுக்கும் இதுல பதில் இருக்கு. நம்ம ஊர்ல பில்டிங் வேலையிலயும் ஹோட்டல்லயும் பெங்கால்ல இருந்து வந்த பசங்க எத்தன பேர் இருக்காங்க, ஒரு தடவையாவது பேசியிருக்கியா? அப்பாவயும் கூட்டிட்டுப் போயி, டீ குடிச்சுட்டே "தாதா, கேமோன் ஆச்சேன்"னு கேளு. அண்ணே, நல்லா இருக்கீங்களான்னு அர்த்தம். "ஜொல்"னா தண்ணி. கிறிஸ்மஸுக்கு அவங்க "பொரோதின்"பாங்க, பெரிய நாள்னு. மீதிய அவங்களே சொல்லித் தருவாங்க, நீ தப்பா சொன்னா சிரிப்பாங்க, சிரிக்கட்டும். ஊருக்குக் கிளம்புறப்போ அவங்க வீட்டுக்கு ஏதாவது சொல்லணுமான்னும் கேட்டுட்டுப் போ. அங்க டிசம்பர்ல ராத்திரி குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்க.