ரத்தம் வடிகட்டுவது இருக்கட்டும், அந்த நுரையைக் கவனியுங்கள்

"ரத்தத்தை வடிகட்டி நுண்பிளாஸ்டிக்கை எடுத்தால் ஆயுள் கூடுமாமே, வெளிநாடு போய்ச் செய்துகொள்ளலாமா?" என்று கேட்டிருக்கும் 54 வயது ஈசூன் வாசகருக்கு:

வேண்டாம் ஐயா. "காலையில் சிறுநீரில் நுரை, ஃபிளஷ் செய்தாலும் போவதில்லை" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும்தான் எனக்குக் கவலை வந்தது. பத்து வருடமாக நீரிழிவு. அண்ணன் வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போகிறார். நமக்கும் அப்படி ஆகிவிடுமோ என்ற பயம்தான் உங்களை இணையத்தில் தேட வைத்திருக்கிறது.

நம் சிறுநீரகங்கள் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டுகின்றன. அல்புமின் என்ற புரதத்தை அவை வெளியே விடக் கூடாது. பல வருடச் சர்க்கரையில் வடிகட்டி பழுதானால் அது கசியும். முட்டையின் வெள்ளைக்கருவை அடித்தால் நுரை நிற்கிறதல்லவா, அதுபோலத்தான் இதுவும். சிறுநீர் வேகமாகப் போனாலும் நுரை வரும், ஆனால் கொஞ்ச நேரத்தில் கலைந்துவிடும். தினமும் வந்து, கலையாமல் நின்றால் பரிசோதிக்க வேண்டும். போன வருடம் ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் ஒரு கழிவு) சரியாக இருந்தது என்று நிம்மதியாக இருக்காதீர்கள். கசிவு தொடங்கும் காலத்தில் அது பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

இந்த வாரமே பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போய், காலையில் முதலில் கழிக்கும் சிறுநீரில் அல்புமின்-கிரியேட்டினின் விகிதம் பார்க்கச் சொல்லுங்கள். அது 3 mg/mmol-க்கு மேல் இருந்தால் மூன்று மாதத்துக்குள் மறுபடி பார்த்து உறுதிசெய்வார்கள். கசிவைக் குறைத்து, டயாலிசிஸைப் பல வருடம் தள்ளிப்போடும் மாத்திரைகள் இன்று இருக்கின்றன. கால் வீங்கி, மூச்சும் வாங்கினால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

சரி, நீங்கள் கேட்ட சிகிச்சை. ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவை எடுத்துவிட்டு வேறு திரவம் ஏற்றும் பிளாஸ்மா மாற்றம் நல்ல சிகிச்சைதான். கியான்-பாரே, மயஸ்தீனியா போன்ற, நரம்பையும் தசையையும் பாதிக்கும் நோய்களில் உயிரைக் காக்கிறது. 2020-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வயதான எலிகளின் பிளாஸ்மாவில் பாதியை உப்புநீரும் அல்புமினுமாக மாற்றியபோது தசையும் மூளையும் தேறின. எதிர்காலத்தில் இதிலிருந்து ஏதாவது வரலாம், நானும் ஆவலோடு பார்க்கிறேன். ஆனால் மனித ஆயுளைக் கூட்டியதாக நிரூபணம் இல்லை. பிளாஸ்மாவோடு நோய் எதிர்ப்புப் புரதங்களும் ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களும் சேர்ந்தே போய்விடும். பழுதான சிறுநீரகத்தையும் அது சரிசெய்யாது.

நீங்கள் எழுதியிருக்கும் களைப்பு, முடி உதிர்வு பற்றியெல்லாம் இப்போதைக்குக் கவலைப்படாதீர்கள். ஆனால் முட்டிவலிக்கு நீங்களாகவே தினமும் போடும் அந்த வலி மாத்திரை? அந்த வகை மாத்திரைகள் பல சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியவை. நீரிழிவுக்காரர் ஒருவர் யாரையும் கேட்காமல் அதை மாதக்கணக்கில் விழுங்குவதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. "கிட்னியைச் சுத்தம் செய்யும்" என்று யாரோ கொடுத்த மூலிகைத் தூளும் அப்படித்தான். இரண்டையும் இன்றே நிறுத்துங்கள். மாத்திரை அட்டையையும் தூள் டப்பாவையும் மருத்துவரிடம் கையோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள்.