மாகாளிக் கிழங்கு வாடாமல், பூஞ்சை பிடிக்காமல்: கேள்வி பதில்

தை பிறந்து கும்பகோணத்தில் மாகாளிக் கிழங்கு, அதாவது ஊறுகாய் போடுகிற அந்த வாசனை வேர், தலைகாட்டியதும் எனக்குக் கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். 30 வருஷமாக ஊறுகாய் போட்டு விற்கிறவள் ஆயிற்றே. இந்த முறை எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன். ஊறுகாய்ப் பக்குவம் இதில் கிடையாது. பச்சைக் கிழங்கைக் காப்பாற்றுவது எப்படி என்பது மட்டும்தான்.

கும்பகோணம்: மாமி, நல்ல கிழங்காகக் கிடைத்தது என்று 2 கிலோ வாங்கிவிட்டேன். ஊறுகாய் போட இன்னும் 10 நாள் ஆகும். அதுவரை எப்படி வைப்பது?

முதலில், கழுவாதீர்கள். மண் ஒட்டியிருப்பது அசிங்கம் இல்லை, அதுதான் அதற்குப் போர்வை. என் மாமியார் கொல்லையில் ஒரு வாயகன்ற பானையில் ஆற்று மணலைப் போட்டு, கிழங்குகள் ஒன்றோடொன்று உரசாமல் புதைத்து வைப்பார். மணலில் ஈரம் எவ்வளவு என்பதில்தான் சூட்சுமம். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் கொழுக்கட்டை மாதிரி நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் கசியக் கூடாது. எங்கள் வீட்டில் இப்படி 3 வாரம் வரை இருந்திருக்கிறது.

இப்போது ஆற்று மணல் கேட்டால் நகைக்கடைக்காரர் மாதிரி விலை சொல்கிறார்கள். அதனால் ஃப்ரிட்ஜ்தான் வழி. செய்தித்தாளில் சுற்றி, துணிப்பைக்குள் போட்டு, காய்கறித் தட்டில் வையுங்கள். 3 நாளுக்கு ஒருமுறை தாளைத் தொட்டுப் பாருங்கள். நமுத்திருந்தால் மாற்றிவிடுங்கள். பிளாஸ்டிக் கவரில் கட்டி வைக்கவே வேண்டாம். ஒரு வருஷம் சோம்பல்பட்டு 3 கிலோவை அப்படியே கவரோடு உள்ளே தள்ளினேன். எட்டாம் நாள் திறந்தால் கவரெல்லாம் வியர்த்து, கிழங்கின் மேல் வெள்ளைப் பஞ்சு. அத்தனையும் குப்பைக்குப் போனது.

மன்னார்குடி: வாங்கியதை மறந்துவிட்டேன் அக்கா. சுருங்கிப் போயிருக்கிறது. தேறுமா?

ஒன்றை ஒடித்துப் பாருங்கள். படக்கென்று ஒடிந்தால் கவலையே இல்லை. ரப்பர் மாதிரி வளைந்தால் ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போட்டு வையுங்கள். காலையில் ஓரளவு தெளிந்துவிடும், மண்ணும் தானாகக் கழன்றுவிடும். அப்படி ஊறவைத்ததைத் திரும்ப எடுத்து வைக்கக் கூடாது. அன்றைக்கே தோல் சீவி, நடு நரம்பை எடுத்து, நறுக்கியாக வேண்டும்.

தஞ்சாவூர்: நறுக்கி முடிப்பதற்குள் துண்டெல்லாம் கறுத்துவிடுகிறது.

காற்றுப் பட்டால் கறுக்கும், வாழைக்காய் மாதிரிதான். பக்கத்தில் நீர்மோரை வைத்துக்கொண்டு, நறுக்க நறுக்க அதிலே போடுங்கள். மோர் இல்லையா, அரிசி களைந்த தண்ணீர்.

மயிலாடுதுறை: வீட்டுக்காரர் மூட்டைப்பூச்சி நாற்றம் என்கிறார். கெட்டுவிட்டதா?

கெடவில்லை. அதன் வாசனையே அதுதான். அவருக்கு வேண்டாமென்றால் பங்கு நமக்கு மிச்சம். கெட்ட கிழங்கு மூக்குக்கு முன்னால் விரலுக்குத் தெரிந்துவிடும்: அழுத்தினால் கொழகொழவென்று உள்ளே போகும்.

திருவாரூர்: பொங்கல் பானையில் கட்டிய மஞ்சள் கொத்தை என்ன செய்யலாம்?

இலையை முதலில் வெட்டிவிடுங்கள், கிழங்கிலிருக்கும் ஈரத்தை அது உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கிழங்கை நிழலில், மண்ணோடு வைத்தால் போதும். முளைத்தால் சித்திரை, வைகாசியில் கொல்லையில் ஊன்றிவிடுங்கள். அடுத்த பொங்கலுக்குக் கடைக்குப் போக வேண்டாம். மாங்காய் இஞ்சிக்கும் இதே வைத்தியம்தான். அதை மெல்லிசாக நறுக்கி, உப்பும் எலுமிச்சைச் சாறும் விட்டுக் கண்ணாடி பாட்டிலில் ஃப்ரிட்ஜில் வைத்தால், தயிர் சாதத்துக்கு 2 வாரம் ஓடும்.

பட்டுக்கோட்டை: மகள் ஜெர்மனியில் இருக்கிறாள். அங்கே ஹார்ஸ்ராடிஷ் என்று ஒரு வேர் வாங்கினாளாம், துருவும்போது கண்ணில் தாரை தாரையாகக் கொட்டியதாம். மிச்சத்தை எப்படி வைப்பது என்று கேட்கிறாள். உங்களுக்குத் தெரியுமா?

தெரியும், தம்பி மகன் வீட்டில் நானே துருவி அழுதிருக்கிறேன். பார்க்க நம் மாகாளி மாதிரியே மண்ணும் முடிச்சுமாக இருக்கும். ஆனால் அது கடுகுக் குடும்பம். முழு வேரை முகர்ந்தால் ஒன்றும் தெரியாது. துருவினால்தான் உள்ளே தனித்தனியாக இருக்கும் இரண்டு பொருள்கள் கலந்து அந்தக் காரம் பிறக்கிறது. கடுகை அரைத்ததும் மூக்கில் ஏறுகிறதே, அதே நெடிதான்.

முழு வேரைக் கழுவாமல், லேசாக ஈரமான தாளில் சுற்றி, துளை போட்ட பையில் ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லுங்கள், சில வாரம் தாங்கும். அந்த ஊரில் பழைய வீடுகளில் நிலவறையில் ஈர மணலுக்குள் புதைத்து வைப்பார்களாம். அதைக் கேட்டதும் மாமியார் பானைதான் ஞாபகம் வந்தது. துருவிவிட்டால் வினிகர் சேர்த்தாக வேண்டும், இல்லையென்றால் கொஞ்ச நேரத்தில் காரம் பறந்துவிடும். உடனே விட்டால் காரம் மட்டாக நிற்கும், இன்னும் காரம் வேண்டுமென்றால் 3 நிமிஷம் பொறுத்து விடலாம். அடுப்பில் மட்டும் ஏற்றக் கூடாது, சூடு பட்டால் காரம் போய்விடும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு துருவச் சொல்லுங்கள்.

அதே பட்டுக்கோட்டை: முருங்கை வேரும் அதே ருசி என்கிறார்களே, இங்கே செய்து பார்க்கலாமா?

வேண்டாம். வெள்ளைக்காரர்கள் இங்கே இருந்த காலத்தில் ஹார்ஸ்ராடிஷ் கிடைக்காமல் முருங்கை வேரைத் துருவித் தொட்டுக்கொண்டார்கள், மரத்துக்கே அந்தப் பெயரையும் வைத்தார்கள். ஆனால் முருங்கை வேர்ப்பட்டையில் நச்சு உண்டு. கீரையையும் காயையும் பறித்துக்கொண்டு வேரை அப்படியே விட்டுவிடுங்கள்.