சிவிடி கியர்பாக்ஸை நம்பிப் புதிய செடான் வாங்கலாமா?

சிங்கப்பூரில் புதிய நடுத்தர செடான் வாங்கப் போவதாகவும், சிவிடி கியர்பாக்ஸ் (படிப்படியான கியர்கள் இல்லாமல் விகிதம் தொடர்ச்சியாக மாறும் தானியங்கிப் பெட்டி) ஐந்தாறு ஆண்டுகளில் கையை விரித்துவிடும் என்று நண்பர்கள் பயமுறுத்துவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நான் இதுவரை இரண்டு சிவிடி கார்கள் ஓட்டியிருக்கிறேன். அவற்றில் ஒன்று என்னை நன்றாகவே பதம் பார்த்தது. ஆயினும் அந்தப் பயத்தில் பாதி இடம் மாறி வந்த பயம் என்பதே என் கருத்து.

சிவிடி என்ற பெயரில் முற்றிலும் வேறான இரண்டு இயந்திரங்கள் விற்கப்படுகின்றன என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். விற்பனையாளர்களே சில நேரம் இரண்டையும் குழப்பிவிடுகிறார்கள். முதல் வகையில் கூம்பு முகம் கொண்ட இரண்டு புல்லிகளும் (பெல்ட் சுற்றும் சக்கரங்கள்), மெல்லிய எஃகுத் தகடுகள் நூற்றுக்கணக்கில் கோக்கப்பட்ட ஒரு பெல்ட்டும் இருக்கும். இதில் பெல்ட்டுக்கும் புல்லிக்கும் இடையே பல்லோடு பல் பொருந்தும் வேலை கிடையாது. எண்ணெயின் அழுத்தம் புல்லியை இறுக்கிப் பிடிக்க, உராய்வின் பலத்தில்தான் எஞ்சினின் விசை சக்கரத்துக்குப் போய்ச் சேருகிறது. ஆகவே எண்ணெய் பழசாகி, சூடும் ஏறிவிட்டால் பெல்ட் வழுக்கத் தொடங்கும், வழுக்கிய இடத்தில் புல்லியின் முகத்தில் கீறல் விழும், அதன் பிறகு எந்த எண்ணெயை ஊற்றினாலும் பழைய நிலை திரும்பாது.

இரண்டாவது வகை, டொயோட்டா ஹைப்ரிட் கார்களில் வரும் இ-சிவிடி. பெயரில் சிவிடி இருந்தாலும் அதில் பெல்ட்டே கிடையாது. எஞ்சினையும் இரண்டு மின்மோட்டார்களையும் ஒரே பல்சக்கரத் தொகுதி இணைக்கிறது, அவ்வளவுதான். 1997இல் பிரியஸ் காரோடு வந்த ஏற்பாடு இது. இதே பிரியஸ் நம் ஊரில் டாக்சியாகவும் ஓடியிருக்கிறது. பகலில் ஒருவரும் இரவில் இன்னொருவருமாக ஓட்டும் வண்டிக்கு ஈடுகொடுக்கும் கியர் பெட்டியைப் பற்றி, அலுவலகம் போய்வரும் நீங்கள் தூக்கம் கெட வேண்டியதில்லை. கேம்ரி ஹைப்ரிட் வாங்குவதாக இருந்தால் உங்கள் கேள்வி இத்துடன் முடிந்தது. ஹோண்டா அக்கார்டின் ஹைப்ரிட் வகையிலும் பெல்ட் இல்லை. நகர வேகத்தில் மோட்டாரே சக்கரத்தைச் சுழற்றுகிறது, விரைவுச்சாலை வேகத்தில் எஞ்சின் ஒரு கிளட்ச் வழியாக நேரே இணைந்துகொள்கிறது. அதே அக்கார்டின் 1.5 லிட்டர் டர்போ வகையில் வருவது பெல்ட் சிவிடி.

பெல்ட் சிவிடிக்குக் கெட்ட பெயர் சும்மா வந்துவிடவில்லை. நிசான் நிறுவனம் 2003 முதல் 2010 வரையிலான தன் சிவிடி கார்களுக்கு, அமெரிக்காவில் 5 ஆண்டு அல்லது 60,000 மைலாக இருந்த உத்தரவாதத்தை 10 ஆண்டு அல்லது 1,20,000 மைலாக இரட்டிப்பாக்கியது. பிறகு வந்த பெல்ட் பெட்டிகள் தேறியிருக்கின்றன. 2018இல் டொயோட்டா அறிமுகப்படுத்திய பெட்டியில் கார் புறப்படும்போது பெல்ட்டுக்கு வேலை கொடுக்காமல் தனியாக ஒரு பல்சக்கரம் தள்ளிவிடுகிறது. நின்ற நிலையிலிருந்து கிளம்பும் நொடியில்தான் பெல்ட்டின் மேல் சுமை அதிகம் என்பதால், அந்த யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது.

என் கதைக்கு வருகிறேன். ஏழு வயதான ஒரு செடானைப் பெல்ட் சிவிடியோடு வாங்கினேன். சில வாரங்களில், எங்கள் புளோக்கின் அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்து மேட்டில் மெதுவாக ஏறும்போதெல்லாம், மலாரியாக் காய்ச்சல் கண்டவரைப் போல வண்டி உதறத் தொடங்கியது. சின் மிங் வட்டாரத்தில் உள்ள ஒரு பட்டறையில் ஜோகூரிலிருந்து தினமும் வந்துபோகும் தம்பி ஒருவர் எண்ணெயை வடித்துக் காட்டினார். பால் சேர்க்காத கோப்பி ஓ போலக் கறுத்த நிறம். அடித்தட்டிலிருந்த காந்தங்களைத் துணியால் துடைத்து, அதில் அப்பியிருந்த சாம்பல் நிறப் பசையை விரலில் எடுத்து, “இது பெல்ட்டும் புல்லியும் தேஞ்ச தூள்ண்ணே, முன்னாடி வச்சிருந்தவரு எண்ணெய மாத்தவே இல்ல” என்றார். பராமரிப்பு ஏட்டைப் புரட்டிப் பார்த்தேன். எஞ்சின் எண்ணெய்க்கு வரிசையாக முத்திரைகள், கியர்பாக்ஸுக்கு ஒன்றுகூட இல்லை.

ஆகவே பெல்ட் சிவிடியைத் தேர்ந்தெடுத்தால், “ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்” என்று யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாமல் 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றிவிடுங்கள். நம் வெயிலும், தீவு விரைவுச்சாலையின் மாலை நேர ஊர்தலும் கடுமையான பயன்பாட்டுக் கணக்கில்தான் சேரும். கையேட்டில் குறித்துள்ள சிவிடி எண்ணெயையே ஊற்றச் சொல்லுங்கள். சாதாரண ஆட்டோ கியர் எண்ணெய்க்கு உராய்வுத் தன்மை வேறு. வண்டி முழுவதுமாக நிற்பதற்கு முன் ரிவர்ஸிலிருந்து டிரைவுக்கு மாற்றாதீர்கள். குடும்பத்தோடு கெந்திங் மலை ஏறும்போது இழுவை திடீரெனக் குறைந்தால் அது சூட்டின் அறிகுறி, ஓரங்கட்டி ஆறவிடுங்கள். கூடவே, கியர்பாக்ஸ் உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்பதை வாய்ச்சொல்லாக விடாமல் எழுத்தில் வாங்கி, 10 ஆண்டு சிஓஇ (கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) காலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

என் செடானுக்கு ஆறு மாத இடைவெளியில் இருமுறை எண்ணெய் மாற்றியதில் உதறல் பெரும்பாலும் அடங்கியது. சிஓஇ முடியும்வரை பெட்டியைத் திறக்காமலேயே ஓட்டினேன். கடைசியாக ஒப்படைக்கக் கொண்டுபோன காலையிலும் அந்த மேட்டில் லேசாக ஒருமுறை உதறிவிட்டுத்தான் ஏறியது.