50,000 ரூபாய் வாங்கிக் கையெழுத்துப் போட்டாயிற்று. இனி இழப்பீடு கேட்க முடியுமா?

கேள்வி: என் கணவர் கரூர் பக்கம் வெள்ளைக்கல் அரைக்கும் மில்லில் 6 ஆண்டுகள், அதற்கு முன் வேறொரு மில்லில் 3 ஆண்டுகள் வேலை பார்த்தார். கான்ட்ராக்டர் மூலம் தினக்கூலி 600 ரூபாய். மாதம் 26 நாள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. கிடையாது. டி.பி. என்று இரண்டு முறை மாத்திரை சாப்பிட்டும் இளைப்பு நிற்கவில்லை. கடைசியில் ஸ்கேன் பார்த்த டாக்டர் சிலிக்கோசிஸ், அதாவது கல்தூசி நுரையீரலில் படிவதால் வரும் நோய் என்றார். 2025 ஜூனில், 45 வயதில் இறந்துவிட்டார். மில்காரர் 50,000 ரூபாய் கொடுத்து, 'இனி எதுவும் கேட்கமாட்டேன்' என்று முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். நான் இப்போது தருமபுரியில் அம்மா வீட்டில் இருக்கிறேன்.

பதில்: அந்த முத்திரைத்தாளைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் 1923, பிரிவு 17-இன்படி உரிமையை விட்டுக்கொடுக்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது. தொழிலாளி இறந்தால் இழப்பீட்டை, இந்தச் சட்ட வழக்குகளை விசாரிக்கும் ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். உங்கள் கையில் கொடுத்தது இழப்பீடே ஆகாது (பிரிவு 8). முன்பணம் என்று சொல்லி அதிகபட்சம் மூன்று மாதக் கூலியை அவர் கழித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். 21.11.2025 முதல் இந்தச் சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு என்ற புதிய சட்டம் வந்துவிட்டது. மரணம் அதற்கு முந்தையது என்பதால் உங்கள் உரிமை பழைய சட்டத்தின்படியே.

கணக்கு இப்படி வரும். மாதக் கூலி 15,600 ஆனாலும் சட்டம் எடுத்துக்கொள்ளும் உச்சவரம்பு 15,000. அதில் பாதி 7,500. 45 வயதுக்கான காரணி (வயதுக்கேற்பச் சட்டம் தரும் பெருக்கு எண்) 169.44. பெருக்கினால் 12,70,800 ரூபாய். ஈமச்செலவு தனி. ஒரு மாதத்துக்குள் கட்டாததற்கு 12 சதவீத வட்டி உண்டு. காரணமில்லாமல் இழுத்தடித்தால் 50 சதவீதம் வரை அபராதமும் கேட்கலாம்.

'கான்ட்ராக்டர் ஆள், எனக்குச் சம்பந்தமில்லை' என்பார்கள். பிரிவு 12 மில்காரரையே பொறுப்பாக்குகிறது. பழைய மில்லையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். பல முதலாளிகளிடம் வேலை பார்த்து வந்த தூசி நோய்க்கு யார் எவ்வளவு தர வேண்டும் என்று ஆணையர் பிரித்துக் கொடுப்பார்.

இத்தகைய வழக்குகள் தோற்பது பெரும்பாலும் மருத்துவத் தாளில்தான். டி.பி.யும் சிலிக்கோசிஸும் நுரையீரலின் மேல்பகுதியில் ஒரே மாதிரி நிழல் காட்டும். போதாததற்கு, தூசி படிந்த நுரையீரலில் டி.பி. எளிதாகத் தொற்றும். ஆகவே எதிர்த்தரப்பு 'அது வெறும் டி.பி.' என்றுதான் வாதாடும். சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, சிலிக்கோசிஸ் முக்கியக் காரணமாக இருந்தால் அதோடு சேர்ந்த டி.பி.யையும் தொழில்நோயாகவே ஏற்கிறது. எக்ஸ்ரே, ஸ்கேன் ஃபிலிம்களைப் பத்திரப்படுத்துங்கள். சளிப் பரிசோதனை முடிவுகளையும் தேடி எடுங்கள். ஃபிலிம் நாளாக நாளாக மங்கும், இப்போதே நகல் எடுத்துவிடுங்கள். அரசு மருத்துவமனை கேஸ் ஷீட்டைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம். நுரையீரல் மருத்துவர் தரும் சான்றில் எத்தனை ஆண்டு கல்தூசியில் வேலை, ஸ்கேனில் என்ன தெரிகிறது, மரணத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்ற மூன்றும் இருக்க வேண்டும். 'நுரையீரல் பாதிப்பு' என்று மட்டும் எழுதிய சான்று உதவாது.

வேலை பார்த்ததை நிரூபிக்க, கூடவே கல் அரைத்த இரண்டு பேரின் சாட்சியம், மில்லில் எடுத்த போட்டோ, கூலி போட்ட வங்கிக் கணக்கு போதும். பயந்து யாரும் வராவிட்டால் பிரிவு 10-ஏ-இன்கீழ் மில்காரரிடம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பும்படி ஆணையரிடம் மனுக் கொடுங்கள். 30 நாளில் அவர் பதில் தந்தாக வேண்டும்.

கரூருக்கு அலைய வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் தருமபுரிக்கு அதிகாரமுள்ள ஆணையரிடமே மனுப் போடலாம். மைனர் பிள்ளைகளையும், மாமியார் விதவையாக இருந்தால் அவரையும் மனுதாரர்களாகச் சேருங்கள். கெடு மரணத்திலிருந்து இரண்டு ஆண்டு, அதாவது 2027 ஜூன்.