நீங்கள் தேடுவது 1970இல் வந்த ஸ்பானியப் படம்

பேர் தெரியாமல் நீங்கள் தேடும் படத்தில், ஊர் ஊராகச் சாமான் விற்பவன் கொலை செய்கிறான், வலிப்பு வருகிறது, ஆனால் கடைசிவரை ஓநாயாக மாறவே இல்லை என்கிறீர்களே, அப்படியென்றால் அது பெத்ரோ ஒலேயா இயக்கிய 'எல் போஸ்கே டெல் லோபோ'தான். 2004இல் ஜூலியன் சாண்ட்ஸ் நடித்தது வேறு படம், அதில் உருமாறும் காட்சி உண்டு, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இரண்டு படத்துக்கும் மூலம் ஸ்பெயினின் கலீசியா பகுதியில் நடந்த ரோமாசாந்தா என்பவனின் கொலை வழக்கு. வேலை வாங்கித் தருகிறேன் என்று பெண்களையும் பிள்ளைகளையும் மலைவழியே கூட்டிப்போய்க் கொன்றவன். அவர்களின் துணிமணிகளை அக்கம்பக்கத்திலேயே விற்றதில்தான் சந்தேகம் கிளம்பியது. சாபத்தால் ஓநாயாகிறேன் என்று 1850களில் நீதிமன்றத்திலேயே சொன்னான்! மரண தண்டனையை இரண்டாம் இசபெல் ராணி ஆயுள் தண்டனையாகக் குறைத்தார்.

1970 படத்தின் நாயகன் லோபேஸ் வாஸ்கெஸ் ஸ்பெயினில் நகைச்சுவை நடிகராகப் பேர்போனவர், அவரா இப்படி என்று அசந்துபோவீர்கள். ஸ்பானியத் தலைப்பிலேயே தேடுங்கள்.