கேளுங்க, பி.டி. சார்!

கேள்வி: சார், என் மகள் அமெரிக்காவில் ரோட் ஐலண்டில் இருக்கிறாள். பக்கத்தில் பாட்டக்கெட் என்ற சின்ன ஊரில் பழைய பேஸ்பால் ஸ்டேடியத்தை இடித்துவிட்டார்கள் என்று போனில் ஒரே புலம்பல். டீம் போனாலும் ஊர்க்காரர்கள் மைதானத்தை வைத்துக்கொண்டிருக்கக் கூடாதா?
- ஒரு வாசகி, கருங்கல்

பதில்: அவள் புலம்புவதில் நியாயம் இருக்கிறது அம்மா. அது மெக்காய் ஸ்டேடியம், 1942-இல் திறந்தது. ஆட்டக்காரர்கள் உட்காரும் இடம் கேலரிக்கு அடியில் இருக்கும். அதனால் பிள்ளைகள் பிளாஸ்டிக் பால் கேனின் பக்கத்தை வெட்டி, உள்ளே பந்தும் பேனாவும் போட்டு, கயிற்றில் கட்டி மேலிருந்து இறக்குவார்கள். கிணற்றில் வாளி விடுவது மாதிரிதான். கையெழுத்தோடு பந்து மேலே வரும்.

1981-இல் ஈஸ்டருக்கு முந்தின ராத்திரி அங்கே தொடங்கிய ஆட்டம், விடியற்காலை 4:07 வரை முடியவில்லை. வழக்கமாக 9 இன்னிங்ஸ், அன்றைக்கு 32! குளிர் தாங்காமல் உடைந்த மட்டைகளை எரித்துக் காய்ந்திருக்கிறார்கள். கடைசிவரை இருந்த ரசிகர்கள் 19 பேர். அப்படியே நிறுத்திவிட்டு, ஜூனில் மிச்சத்தை ஆடியபோது 18 நிமிடத்தில் முடிந்துவிட்டது. பாட்டக்கெட்தான் ஜெயித்தது, 3-2.

சரி, ஏன் வைத்துக்கொள்ளவில்லை? 2020-க்குப் பிறகு டீம் பக்கத்து மாநிலத்து வூஸ்டர் நகரத்துக்குப் போய்விட்டது. சீசனுக்கு 70 ஆட்டம் நடந்த இடம் அது. டிக்கெட் வருமானம் நின்றபின் புல்லுக்கும் விளக்குக்கும் யார் செலவழிப்பது? பேஸ்பால் களம் விசிறி வடிவம், கேலரி முழுக்க மட்டையடிக்கும் மூலையைப் பார்த்தே இருக்கும். வேறு ஆட்டத்துக்கு லேசில் பொருந்தாது. அந்த இடத்தில் உயர்நிலைப்பள்ளி கட்ட ஊரே ஓட்டுப் போட்டது. எனக்கு அதில் குறை தெரியவில்லை. ஒரே டீமை நம்பிக் கட்டினால் இதுதான் கதி. நம் குமரிக் கடற்கரையில் தூத்தூர் பக்கம் பாருங்கள், கேலரி இருக்கிறதோ இல்லையோ, சாயங்காலம் ஃபுட்பால் நிற்காது.

கேள்வி: எங்கள் பள்ளி கிரவுண்டில் பேஸ்பால் ஆட இடம் போதுமா?
- ஒரு மாணவன், தக்கலை

பதில்: பெரியவர்களுக்கு பேஸுக்கு பேஸ் (ஓடித் தொடும் இடங்களுக்கு நடுவே) 90 அடி, பந்து எறிய 60 அடி 6 அங்குலம். உங்களுக்கு அவ்வளவு வேண்டாம் மக்களே. சிறுவர் அளவு 60 அடியும் 46 அடியும். சுண்ணாம்புக் கோடு போட்டு ஆரம்பியுங்கள். ஹெல்மெட் இல்லாமல் மட்டையைத் தொடக் கூடாது, சொல்லிவிட்டேன்.