எரித்ரிட்டாலில் கம்பிப் பதம் வருமா?

கேள்வி: என் கணவருக்கு நீரிழிவு இருப்பதால், எரித்ரிட்டாலும் ஸ்டீவியாவும் கலந்த ‘சர்க்கரை இல்லாத’ இனிப்பூட்டியை வாங்கி மைசூர்பாகு கிளறினேன். எவ்வளவு காய்ச்சியும் பாகு கம்பிப் பதத்துக்கு வரவில்லை. ஆறியதும் மணல்போல் நறநறத்தது. வாயில் போட்டால் சில்லென்று இருந்தது. கலப்படமாக இருக்குமோ?
– வாசகி, விருதுநகர்

பதில்: கலப்படம் அன்று, எரித்ரிட்டாலின் இயல்பே அது. சர்க்கரை தன் எடையில் பாதியளவு தண்ணீரிலேயே கரைந்து, காய்ச்சக் காய்ச்சப் பிசுபிசுப்பாகிக் கம்பி இழுக்கும். அதே தண்ணீரில் எரித்ரிட்டால் சர்க்கரை கரையும் அளவில் பாதிகூடக் கரையாது. சூட்டில் கரைந்தது ஆறும்போது படிகமாகப் பிரிந்துவிடும். கரையும்போது அது சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சுவதால்தான் நாக்கு சில்லிடுகிறது. புதினா மிட்டாய்க்கு வரமாக இருக்கும் இந்தக் குணம், நெய் மணக்கும் பலகாரத்தில் ஒட்டாமல் நிற்கிறது.

எரித்ரிட்டால் ‘சர்க்கரை ஆல்கஹால்’ என்னும் இனிப்பூட்டி வகையைச் சேர்ந்தது; பெயரில் ஆல்கஹால் இருந்தாலும் போதை தராது. இவ்வகையில் சார்பிட்டால், மால்டிட்டால், சைலிட்டால் ஆகியவற்றைப் பெரும்பாலும் அந்தந்தச் சர்க்கரையுடன் நிக்கல் போன்ற வினையூக்கியின் துணையால் ஹைட்ரஜனைச் சேர்த்துத் தயாரிக்கிறார்கள். எரித்ரிட்டாலை மட்டும் மக்காச்சோள மாவிலிருந்து கிடைக்கும் குளுக்கோஸை ஈஸ்டால் நொதிக்கவைத்து எடுக்கிறார்கள். அதன் இனிப்பு சர்க்கரையில் 60 முதல் 70 சதவீதம்தான் என்பதால், குறையை நிரப்பச் சர்க்கரையைவிட 200 மடங்குக்கு மேல் இனிக்கும் ஸ்டீவியாச் சாற்றைச் சிட்டிகையளவு சேர்க்கிறார்கள். ஸ்டீவியாவின் பின்கசப்பும் இக்கலவையில் ஓரளவு மறைகிறது.

உட்கொள்ளும் எரித்ரிட்டாலில் ஏறத்தாழ 90 சதவீதம் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுச் சிறுநீரில் மாறாமல் வெளியேறுவதால், அது இரத்தச் சர்க்கரையை உயர்த்துவதில்லை. பெருங்குடல்வரை சென்று வாயுவையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்குவதில் மால்டிட்டாலே முந்தி நிற்கும். ஆயினும், இரத்தத்தில் எரித்ரிட்டால் மிகுந்திருந்தவர்களிடம் மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் காணப்பட்டதாக 2023இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. உடலே சிறிதளவு எரித்ரிட்டாலை உண்டாக்குவதால், உண்டதுதான் காரணம் என்று அதைக்கொண்டு முடிவுகட்ட இயலாது. என்றாலும், இதயநோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தினமும் இதைச் சேர்த்துக்கொள்வதை நான் ஆதரிக்க மாட்டேன்.

பாகு வேண்டுமென்றால் மால்டிட்டால் ஓரளவு கைகொடுக்கும். ஆனால் அதில் கிராமுக்கு 2 கலோரிக்குச் சற்று மேல் உண்டு. இரத்தச் சர்க்கரையையும் அது ஓரளவு ஏற்றும். போதாக்குறைக்கு, மைசூர்பாகில் கடலைமாவும் நெய்யும் அப்படியேதான் இருக்கின்றன. பாகு தேவைப்படாத பால் பாயசத்தில், அரிசியைக் குறைத்து, இறக்கும்போது இந்த இனிப்பூட்டியைத் தூவிப் பாருங்கள்.